மெசர்ஸ் மதலேனாள்

பூவாலம்பட்டிப் பேரூராட்சியில் பதினெட்டாயிரம் பேர் குடியிருந்தார்கள். அவர்கள் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் சுத்தமாகி, பளிங்கு மாதிரி தெளிந்த பிறகுதான் முல்லையாற்றைத் தொட்டது. ஒரு சொட்டு அழுக்குகூட ஆற்றில் கலப்பதில்லை என்று பேரூராட்சி எழுதியது. மாவட்டம் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டது. சென்னை அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. அது கண்ணாடிச் சட்டத்துக்குள் செயல் அலுவலர் விஜய்ராஜின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது.

மதலேனாளுக்கு இந்தச் சான்றிதழ் விவரம் தெரியாது. அதனால் தன் வயலுக்குள் வந்துகொண்டிருந்ததை அவள் சாக்கடை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டி அவளுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பேரூராட்சிக்காரர்கள் ஊர்ச் சாக்கடையைச் சிமெண்ட் வாய்க்காலில் அவள் எல்லைக்கல் வரைக்கும் கொண்டுவந்து, அதோடு வேலை முடிந்தது என்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருநூறு அடி அவள் பட்டா நிலம். தண்ணீர் அதைத் தானே அறுத்துக்கொண்டு ஆற்றில் போய் விழுந்தது. மழை பெய்தால் வயல் முழுக்க ஏறியது.

சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் மேட்டுத்தெருவுக்கும் மேலே, கரட்டு அடிவாரத்தில் கட்டித் திறந்தார்கள். நீலக் கேட், ஆறு தொட்டி, கல்வெட்டு, ரோஜாத் தோட்டம் எல்லாம் உண்டு. சாக்கடை ஓடுவது பள்ளத்தில். தண்ணீர் மேடேறிப் போகாது என்பது தொட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது. ஏற்றிவிட மோட்டார் வைக்கிற இடத்துக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் போர்த் தண்ணீரை லாரியில் கொண்டுபோய் ஊற்றுவார்கள். அது ஆறு தொட்டியையும் சுற்றி, உள்ளே போனபடியே சுத்தமாக வெளியே வரும். வந்தவர்கள் ஒரு கிளாஸ் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த மூன்று வருடத்தில் மதலேனாளின் கிணறு நாறிப்போனது. அவள் வீட்டுக்காரர் சூசைமுத்து ராவும் பகலும் தண்ணீர் பாய்ச்சி நடந்தவர். சர்க்கரை உடம்பு. காலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது, ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். "எங்கய்யா நடந்தீங்க இப்படி?" என்று டாக்டர் கேட்டதற்கு, "எங்க வயல்லதான் சார்" என்றார் அவர்.

ஜூன் மாதம் அணை திறந்து, நாற்று வளர்ந்து நின்றது. நடவுக்குக் கூப்பிடப் போனாள் மதலேனாள். நடவாட்களைக் கூட்டி வருகிற சண்முகத்தாய் தன் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். போன வருடம் நட்டபோது வந்த புண்ணின் தழும்பு இரண்டு காலிலும் கறுப்புக் கறுப்பாக இருந்தது.

"உன்மேல கோவமில்லக்கா. ஒன் வயலுக்கு மட்டும் வரமாட்டோம். பிள்ளைக சாப்பிடக் கையும் காலும் வேணும்ல."

மதலேனாள் திரும்பி நடந்தாள். நேரே பஸ் ஏறி மாசு தடுப்பு அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போனாள். அது அவளுடைய பன்னிரண்டாவது மனு. அதை வாங்கிய எழுத்தர், இனிமேல் காகிதத்தில் வாங்குவதில்லை, ஆன்லைனில் போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவள் மாரீஸ்வரி. மாசு தடுப்பு அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்து பெயரை அடித்தாள். அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டது.

"நீ என்ன வகைன்னு கேக்குதுக்கா. தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, உள்ளாட்சி. மூணுல ஒண்ணத் தொடணும்."

"விவசாயின்னு போடு ஆத்தா."

"விவசாயி இதுல இல்லக்கா."

"அப்ப ஆஸ்பத்திரின்னு போடு. அங்கனதான் பாதி நாளு கெடக்கோம்."

போட்டுப் பார்த்தாள். டாக்டரின் பதிவு எண் கேட்டது. உள்ளாட்சி என்று போட்டால் முத்திரை கேட்டது. தொழிற்சாலை மட்டும் ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மதலேனாளின் போனுக்குச் செய்தி வந்தது. 'மெசர்ஸ் மதலேனாள், தங்கள் பதிவுக்கு நன்றி.'

"மெசர்ஸ்னா என்ன?"

"மரியாதையாச் சொல்றாகக்கா" என்றாள் மாரீஸ்வரி.

பத்து நாளில் ஜீப் வந்தது. மாசு தடுப்பு அலுவலக உதவிப் பொறியாளர் சுரேஷ்கண்ணன் ஐஸ் பெட்டியோடு இறங்கினார். நல்ல மனுஷன். கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, வரப்பில் வழுக்கி விழாமல் நடந்து, அவள் நிலத்துக்குள் ஓடிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்.

"இந்த இடம் யார் பேர்ல இருக்கு?"

"எம்பேர்லதான்யா. பட்டா இருக்கு."

அவர் எழுதிக்கொண்டார். அவள் மேற்கே கையைக் காட்டினாள். "தண்ணி அங்கனருந்து வருதுய்யா. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டில் பிடிச்சிட்டுப் போங்க."

"அங்க பிடிக்க வேண்டியதில்லம்மா. அது பேரூராட்சி எல்லை. நூறு சதவீதம் சுத்திகரிப்புன்னு சான்றிதழ் இருக்கு. கழிவே இல்லாத இடத்துல மாதிரி எடுத்தா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க."

"கண்ணு முன்னால ஓடுதேய்யா."

"ஓடுறது தெரியுது. அது என்னன்னு நான் சொல்ல முடியாது. லேப்தான் சொல்லணும்" என்று பாட்டிலை ஐஸில் வைத்தார்.

லேப் சொன்னது. ஆறு பக்கத்தில் வந்தது நோட்டீஸ். 'மெசர்ஸ் மதலேனாள் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து முல்லையாற்றில் கலக்கும் கழிவுநீரில் மனித மலக் கிருமிகள் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பன்மடங்கு உள்ளன. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும்.'

அவள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு சுரேஷ்கண்ணன் உள்ளே கூப்பிட்டு, எதிரில் உட்காரச் சொல்லி, ஃபைலைப் பிரித்தார்.

"லேப் கணக்குப்படி இது ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் பேர் போற கழிவு. உங்க வளாகத்துல எத்தனை பேர்?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேரு."

அவர் பேனாவைக் கீழே வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே யோசித்தார். "அதனாலதாம்மா விளக்கம் கேட்டிருக்கோம்" என்றார் கடைசியில்.

"அய்யா, நீங்க படிச்சவுக. ரெண்டு பேரு இம்புட்டும் போக முடியுமா?"

"முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா முடியாதுன்னு எழுதினா வேற யாருன்னு எழுதணும். வேற யாரும் அந்தப் பகுதியில பதிவே பண்ணலயே. நீங்க ஒருத்தர்தான் பதிவு பண்ணியிருக்கீங்க."

ஆற்றை அழுக்காக்குகிற பதினெட்டாயிரம் பேரில், அழுக்காகிறது என்று வாய் திறந்து சொன்னவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியைத்தான் அரசாங்கத்தால் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆடிப் பெருக்குக்கு முந்தின வாரம் அவளுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. 'நதி காப்பு விழா. தொழில்துறைப் பிரதிநிதி: மெசர்ஸ் மதலேனாள்.' கால் ஊன்ற முடியாமல் கட்டிலில் கிடந்த சூசைமுத்து அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். "போயிட்டு வா. மைக்கு குடுத்தாகன்னா நாலு வார்த்த கேட்டுட்டு வா" என்றார்.

விழா ஆற்றங்கரையிலேயே நடந்தது. அவள் நிலத்திலிருந்து சாக்கடை விழுகிற இடத்தை மட்டும் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். துணியின் மேல் 'நதி நம் தாய்' என்று எழுதியிருந்தது. பந்தலைச் சுற்றி ஒருவன் சென்ட் அடித்துக்கொண்டே இருந்தான். தாய்க்கு அபிஷேகம் செய்ய வேண்டும். ஆற்றுத் தண்ணீரை மொள்ளப் பூசாரி கூசினார். அதனால் இருபது லிட்டர் கேன் ஒன்றை உடைத்து, குடத்தில் ஊற்றி, மந்திரம் சொல்லி ஆற்றில் விட்டார்கள். அன்றைக்கு அந்த ஆற்றில் சேர்ந்த நல்ல தண்ணீர் அதுதான்.

விஜய்ராஜ் எழுந்து பேசினார்.

"நம்முடைய நிலையம் திறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டில் ஒரு மோட்டார் பழுதானது கிடையாது. ஒரு குழாய் அடைத்தது கிடையாது. ஒரு தொட்டியில் பாசி பிடித்தது கிடையாது. பக்கத்து ஊர்களில் எல்லாம் நிலையத்தை ஓட்டி ஓட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. திறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறோம்."

கை தட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆற்றைத் தாய் என்கிறோம். தாயைத் தினமும் போய்ப் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது? வருடத்துக்கு ஒரு நாள் மாலை போட்டு, போட்டோ எடுத்து, நாம் மறக்கவில்லை என்று காட்டினால் போதும். தாய் மனது அதற்கே குளிர்ந்துவிடும். ஒரு சில தனியார் நிறுவனங்கள்தான் இந்தத் தாயின் மடியில் கழிவைக் கொட்டுகின்றன. அவர்களில் ஒருவர் திருந்தி, உறுதிமொழி எடுக்க இன்று இங்கே வந்திருக்கிறார்."

எல்லோரும் திரும்பி மதலேனாளைப் பார்த்தார்கள். கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். 'இனி என் கழிவை ஆற்றில் விடமாட்டேன்' என்று இருந்தது. அவள் மைக்கை வாங்கினாள்.

"இது ஏங்கழிவு இல்ல. இங்கன உக்காந்திருக்க நீங்க அம்புட்டுப் பேரும் காலையில போனதுதான். அந்தப் பச்சத் துணிய அவுத்துப் பாருங்க" என்றாள்.

மைக் அதற்கு முன்பே அணைந்திருந்தது. முன் வரிசைக்கு மட்டும் கேட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் அதிகாரிகள். அவர்கள் போனைப் பார்த்தார்கள்.

உறுதிமொழி எடுக்க மறுத்ததற்கு மறுவாரமே உத்தரவு வந்தது. 'இந்த உத்தரவு கிடைத்த ஏழு நாட்களுக்குள் தங்கள் வளாகத்திலிருந்து ஆற்றுக்குச் செல்லும் கழிவுநீரை முற்றிலுமாக நிறுத்த வேண்டும். தவறினால் மின் இணைப்பு துண்டிக்கப்படும்.' கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தன.

கிணற்று மோட்டாருக்குக் கரண்டு போனால் நிலமும் போனது. மதலேனாள் அன்றைக்குச் சமைக்கவில்லை. உத்தரவைச் சூசைமுத்துவின் கட்டிலில் விரித்துவைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. உத்தரவின் ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டாள்:

"நிறுத்துன்னுதான எழுதியிருக்கு?"

"ஆமா."

"எங்கன வச்சு நிறுத்தணும்னு எழுதலயே?"

"எழுதல" என்றார் சூசைமுத்து. அவர் மறுபடியும் படித்துப் பார்த்தார். "எழுதவே இல்ல."

மறுநாள் காலையில் எல்லைக்கல்லை ஒட்டி, தன் பட்டா நிலத்துக்குள் ஒரு முழம் தள்ளி, அவள் மண்மூட்டை அடுக்க ஆரம்பித்தாள். சேதி கேட்டுச் சண்முகத்தாய் ஏழு பெண்களோடு வந்து நின்றாள்.

"நடவுக்கு வரமாட்டேன்னியே" என்றாள் மதலேனாள்.

"நடவுக்குத்தான் வரமாட்டோம்னேன். மண்ணு அள்ள வரமாட்டோம்னா சொன்னேன்?"

சாயங்காலத்துக்குள் ஆள் உயரத்துக்கு அணை எழும்பியது. ஆற்றில் விழுவது நின்றது. உத்தரவு நிறைவேறிவிட்டது.

பூவாலம்பட்டியில் ஆகப் பள்ளமான இடம் எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய குளம். அந்தக் குளத்தை மூடி அதன்மேல்தான் பேரூராட்சி அலுவலகத்தைக் கட்டியிருந்தார்கள். முதல் நாள், எதிர்த்து ஏறிய சாக்கடை வாசலில் தெரிந்தது. இரண்டாம் நாள் வரி கட்டுகிற ஜன்னல் வரைக்கும் வந்தது. மூன்றாம் நாள் காலையில் விஜய்ராஜ் தன் அறைக் கதவைத் திறந்தபோது, நாற்காலியின் கால்கள் நனைந்திருந்தன. சான்றிதழ் மட்டும் உயரத்தில் பத்திரமாக இருந்தது.

அவர் அணைக்கு நேரில் வந்தார். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டியிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் தொறந்து விடுங்க. ஆபீஸ்ல உக்கார முடியல."

"நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்திருக்குய்யா."

"அது உங்க கழிவைத்தான் நிறுத்தச் சொன்னது."

"அப்ப இது யாரு கழிவு?"

விஜய்ராஜ் சுற்றிலும் பார்த்தார். ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். "இது... பொதுவான தண்ணிம்மா" என்றார்.

"யாருதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. இப்பவே தொறந்து விடுறேன்."

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "எழுத முடியாதும்மா, புரிஞ்சுக்குங்க. எங்களுதுன்னு எழுதினா நிலையம் ஓடலைன்னு ஆகும். ஓடலைன்னா நான் எழுதினது பொய். நான் எழுதினது பொய்யின்னா மாவட்டம் பாக்காமக் கையெழுத்துப் போட்டதுன்னு ஆகும். அப்புறம் சென்னை. இந்த நாத்தம் ஊரோட போயிரும். அந்த நாத்தம் எங்க போய் நிக்கும்னே சொல்ல முடியாது."

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வெரல் போச்சு" என்றாள் மதலேனாள். "அதுக்கு நீங்க என்ன எழுதுனீக?"

அவர் போலீசைக் கூப்பிட்டார். ஜேசிபி வந்தது. ஒரே தள்ளலில் அணை உடைந்து, மூன்று நாள் தேங்கியது மொத்தமும் வயலை அடித்துக்கொண்டு ஆற்றில் போய் விழுந்தது. நட ஆளில்லாமல் முற்றி நின்ற நாற்றங்கால் அதோடு போனது. சண்முகத்தாய் மண்ணை வாரித் தூற்றினாள். மதலேனாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏட்டு ராஜபாண்டி ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்துப் புகாரை எழுத ஆரம்பித்தார். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த மனிதர். முப்பது வருடமாக மாட்டுத் திருட்டும் வரப்புத் தகராறும் எழுதிய கை. பாதியில் நிறுத்தினார்.

"எதத் தடுத்தாகன்னு எழுத, சார்?"

"தண்ணியை."

"யாரு தண்ணி?"

"என்னய்யா கேள்வி இது. எழுதுய்யா."

"சொந்தக்காரன் இல்லாமக் கேசு நிக்காது சார். மாடு காணாமப் போச்சுன்னா மாடு யாருதுன்னு எழுதணும்ல. தண்ணி இந்தம்மாவுதுன்னா, அவுக தண்ணிய அவுக நெலத்துல அவுக தடுத்துக்கிட்டதுக்கு நான் எப்படிக் கேசு போட?"

விஜய்ராஜின் காலில் மூன்று நாள் சாக்கடை காய்ந்துகொண்டிருந்தது. அரிப்புத் தாங்கவில்லை. ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே கத்தினார்: "எங்க தண்ணிதான்யா. பேரூராட்சிக் கழிவுநீர். மூணு வருஷமா ஒழுங்கா ஆத்துக்குப் போய்க்கிட்டிருந்ததை இந்தம்மா தடுத்திருச்சு. எழுது. கையெழுத்துப் போடுறேன்."

ராஜபாண்டி ஒரு சொல் விடாமல் எழுதினார். விஜய்ராஜ் கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். மதலேனாள் ஒரு நகல் கேட்டாள். கொடுத்தார்கள்.

நான்கு நாள் கழித்துச் சுரேஷ்கண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். கூடவே விஜய்ராஜும் வந்தார். கையில் பன்னீர் திராட்சை ஒரு பை. சூசைமுத்துவின் காலைப் பற்றி விசாரித்தார்கள். நாற்றங்காலுக்கு வருத்தப்பட்டார்கள். பிறகு சுரேஷ்கண்ணன் ஒரு தாளை நீட்டினார்.

"ரெண்டு தரப்பும் சமாதானமாப் போறோம்னு ஒரு கையெழுத்தும்மா. கேஸே இல்லாமப் பண்ணிரலாம். உங்க மேல ஒரு குத்தமும் இருக்காது."

"ஏம்மேல குத்தம் இருக்குய்யா" என்றாள் மதலேனாள். "நாந்தான் தடுத்தேன். கேச நடத்துங்க."

"ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டி வரும்" என்றார் விஜய்ராஜ்.

"அங்கன கக்கூஸ் தண்ணிய எங்கன விடுறாகன்னு பாத்துட்டு வர்றேன்."

திராட்சையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

கோர்ட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது மெசர்ஸ் என்று யாரும் சேர்க்கவில்லை. நீதிபதி இளவயதுப் பெண். அன்றைக்கு அது நாற்பதாவது வழக்கு. தலை நிமிராமல், குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒத்துக்கிறேன்மா. பேரூராட்சிக் கழிவு ஆத்துல கலக்காமத் தடுத்தது நாந்தான்."

நீதிபதியின் பேனா நின்றது. முன்னால் இருந்த காகிதத்தை முதலிலிருந்து படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு, புகார் கொடுத்தவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து விஜய்ராஜ் எழுந்து முன்னால் வந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"இவங்க தடுக்கலைன்னா, இந்தக் கழிவுநீர் எங்க போகும்?"

"வழக்கமாப் போற இடத்துக்குத்தான் மேடம்."

"எங்க?"

"மேடம், எங்க நிலையத்தோட கொள்ளளவு ஒரு நாளைக்கு..."

"அதைக் கேக்கல. எங்க போகும்?"

விஜய்ராஜ் அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் வேறு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆத்துக்கு" என்றார் விஜய்ராஜ்.

டைப் அடிப்பவர் அதை அடித்தார். ஒரு சொல்தான். அடித்து முடிக்க ஒரு நொடி ஆகவில்லை. மதலேனாளுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை. மூன்று வருடமாக, பன்னிரண்டு மனுவில், அவள் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்லியிருந்தாள். அப்போது அதை எழுதிக்கொள்ள ஒருவர்கூட இல்லை. கூண்டுக் கம்பியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.